இன்றைக்கு எந்த வழி?

“ஒரு ஆளைக் குறைச்சே ஆகணும்னா அந்த வெண்டலை அனுப்பிடுங்க, பாஸ். எனக்கு ஆட்சேபணையே இல்ல” என்றான் மேஸ்திரி எஸ்டெபான், காபியை உறிஞ்சியபடி.

டார்லீனுக்குச் சுருக்கென்றது. தீவிலிருந்து நகரத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் படகுத்துறையை இடித்துக் கட்டும் வேலை அவள் பொறுப்பில். இடிப்பதும் கட்டுவதும் பெரிய காரியமில்லை. ஒரு நாள்கூடத் துறையை மூடாமல் செய்ய வேண்டும், அதுதான் தலைவலி. நடைபாதை வாரத்துக்கு நாலு தடவை மாறும். அறிவிப்புப் பலகையை யார் படிக்கிறார்கள்? முதல் வாரம் கூட்டம் பழக்கதோஷத்தில் பழைய வாசலிலேயே போய் முட்டிக்கொள்ள, காலை எட்டு பத்துக்குக் கிளம்பும் படகு தொடர்ந்து மூன்று நாள் தாமதம். மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அதன்பிறகு ஒரு நாளும் தாமதமில்லை. காரணம், வெண்டல். தினமும் காலையில் துறை வாசலில் நின்று அவர் போடும் சத்தம் இப்படி:

“இன்னிக்கு இடது பக்கம்! அம்மா, படி இருக்கு, பாத்து! தம்பி, போனை உள்ள வை. கடல்ல விழுந்தா நான் குதிக்க மாட்டேன்!”

“அவர் இல்லேன்னா மறுபடியும் படகு லேட்டாகும், எஸ்டெபான்.”

“எட்டு பத்து வரைக்கும் சரி. படகு கிளம்பினதும் ஆளையே காணோமே! அவர் ஒரு பலகை தூக்கி நீங்க பாத்திருக்கீங்களா? சாயங்காலம் எங்கேர்ந்தோ முளைச்சு எல்லாருக்கும் குட்நைட் சொல்லுவாரு.”

டார்லீனே இரண்டு தடவை மத்தியானம் அவரைத் தேடி அலுத்திருக்கிறாள். மற்றவர்கள் வெல்டர்கள், கொத்தனார்கள்; யாரை நிறுத்தினாலும் வேலை படுத்துவிடும். ஆட்களை அனுப்புவது ஏதேதோ ஏஜென்சிகள். அவளுக்குத் தெரிந்தது முகங்கள் மட்டும்தான்.

ஏழரைக்கு வெண்டல் வந்து ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிக்கொண்டார். ஐம்பத்தைந்து வயது. இனிமேல் யார் வேலை கொடுப்பார்கள் என்று நினைக்கவே டார்லீனுக்குப் பாவமாக இருந்தது.

“வெண்டல், எனக்குச் சொல்லவே கஷ்டமா இருக்கு. திங்கட்கிழமையிலேர்ந்து நீங்க இங்க வர வேண்டாம்.”

அவர் முகம் வெளிறிவிட்டது. “ஐயையோ! நான் என்ன தப்பு பண்ணினேன்?”

“தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. மேலிடத்து உத்தரவு.”

“அப்படிச் சொல்லாதீங்க, டார்லீன். நான் வந்தே ஆகணும். இல்லேன்னா என் பிழைப்பே கெட்டுடும்.”

“புரியுது. உங்க ஏஜென்சிகிட்ட நானே பேசறேன். வேற இடத்துல போடச் சொல்றேன்.”

“எந்த ஏஜென்சி?” வெண்டல் விழித்தார். “முதல் வாரம் ஒரு நாள் இங்க வழி தெரியாம நின்னவங்களுக்குக் கைகாட்டிட்டிருந்தேன். நீங்கதான் ஓடிவந்து, ‘மேல்சட்டை இல்லாம நிக்கலாமா’ன்னு திட்டி இதை மாட்டிவிட்டீங்க. நான் அக்கரையில பல் டாக்டருங்க. எட்டு பத்துல போகலேன்னா என் கிளினிக்கை யார் திறக்கறது?”