பீரோ மேல் ஏறிய மணி

அலுவலக உதவியாளர்களை இனி மணியடித்துக் கூப்பிடக் கூடாது என்று அரசாணை வந்தது. தாசில்தார் மேசையில் இருந்த மணியை எடுத்து, கதவோரப் பீரோவின் மேல் வைத்துவிட்டார்கள்.

"நான் இல்லாம இங்க வேலை நடக்குமா?" என்று அது வாசலில் கிடந்த ஸ்டூலிடம் பொருமியது. "இருபது வருஷமா என்னை ஒரு தட்டு தட்டினா ஆள் ஓடி வருவான்."

"தெரியும். நீ எப்பக் கத்துவியோன்னு அந்த மனுஷர் என் மேல பாதிதான் உட்காருவார். இன்னிக்குத்தான் முழுசா உட்கார்ந்திருக்கார். நல்ல கனம். ஆனாலும் சந்தோஷமா இருக்கு."

அப்போது தாசில்தாரம்மாவே எழுந்து வாசலுக்கு வந்தார். எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு கணம் தயங்கினார்.

"சங்கிலிமுத்து அண்ணே, இந்த ஃபைலைக் கொஞ்சம் நிலப் பிரிவுல குடுத்துடுறீங்களா?"

"இதோ குடுத்துடுறேம்மா." அவர் நிதானமாக எழுந்து சிரித்தபடி போனார்.

மணி திகைத்தது. "யாரு அந்தச் சங்கிலிமுத்து?"

"நீ தினமும் கூப்பிட்டியே, அவர்தான்."

மணி மெல்லச் சொன்னது: "நல்லவேளை, என்னை நிறுத்தினாங்க. இல்லாட்டி அவர் பேரு எனக்குத் தெரியாமலே போயிருக்கும்."