வராத நோயாளி

“என்ர மனுசனுக்கு வருத்தம், டொக்டர். ஆனா அவர் காட்ட வரமாட்டாராம்,” என்றபடி நோயாளிக் கதிரையில் உட்கார்ந்தாள் பத்மாசனி.

டொக்டர் யோகலிங்கம் அவளை நிமிர்ந்து பார்த்தார். “சரி, சொல்லுங்கோ,” என்றார்.

கதவோரம் நின்ற லக்சாயினி காதைத் தீட்டிக்கொண்டாள். இந்த டிஸ்பென்சரியில் அவள் தாதியாக, சனத்தின் வாயில் ‘மிஸி’யாக, சேர்ந்தது போன கிழமைதான். அதற்குள் டொக்டர்மீது அப்படியொரு மதிப்பு! கிண்ணியாவிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் சும்மாவா பஸ் ஏறி வருகிறார்கள்? கதையைக் கேட்டே வருத்தத்தைக் கண்டுபிடித்துவிடுகிற மனுசன். இன்றைக்கு இதுதான் கடைசி நம்பர். என்ன சொல்கிறார் பார்ப்போம்.

“விடிய எழும்பேக்க தலையிடி. ஓங்காளம்கூட இல்லாம திடீரெண்டு சத்தி எடுக்கிறார்.”

“வேலை கூடிப்போச்சு. நித்திரை காணாது,” என்றார் டொக்டர்.

“முந்தநாள் குசினியில பால் அடிப்பிடிச்சு எரியுது. பக்கத்தில நிண்டவர், ஒரு மணமும் வரேல்லை எண்டுறார்.”

“தடிமனாக்கும்.”

லக்சாயினிக்கு என்னவோ போலிருந்தது. ஒரு இருமலுக்கே குடைந்து குடைந்து கேட்கிறவர், இன்றைக்கு ஏன் இப்படித் தட்டிக் கழிக்கிறார்?

பத்மாசனி விடுகிற ஆளாக இல்லை. “இடது கால் செருப்புக் கழண்டு விழுந்தாலும் தெரியாம நடக்கிறார். ஒருத்தரையும் அதட்டாத மனுசன், இப்ப தேத்தண்ணி சூடில்லையெண்டு கோப்பையை எறியுறார். என்னப்பா இது எண்டு கேட்டா, ‘அதையெல்லாம் டொக்டரிட்டப் போய்ச் சொல்லு’ எண்டு பகிடி விடுறார். அதுதான் நம்பர் எடுத்து வந்தனான். அவரை நம்பிக் கன சனம் இருக்கு, டொக்டர். அவர் கை தவறினா அதுகளின்ர உயிருக்கும் ஆபத்து.”

படகு ஓட்டுகிறவராக்கும் என்று நினைத்துக்கொண்டாள் லக்சாயினி. பாவம்.

“வேற ஆரும் வந்து இதையே சொன்னா என்னெண்டு நினைப்பீங்கள்?” என்று கேட்டாள் பத்மாசனி.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “மூளையில கட்டியோ எண்டு நினைப்பன்.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “புற்றுநோயோ?”

“எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை. மூளையை மூடியிருக்கிற உறையில வாறது அனேகமா மெல்லத்தான் வளரும். ஒப்பரேசன் செய்து எடுக்கலாம். மூளைக்குள்ளேயே வாறதும் இருக்கு. வேற இடத்துப் புற்றுநோய் பரவி வாறதும் இருக்கு. ஸ்கேன் எடுக்காமச் சொல்ல ஏலாது. சிலவேளை கட்டியில ஒரு துண்டு எடுத்துச் சோதிச்சாத்தான் இன்னதெண்டு தெரியும்.”

“அவருக்கு எல்லாம் தெரியும், டொக்டர். பயத்திலதான் மறைக்கிறார்.”

“ஓம்,” என்றார் டொக்டர் மெல்ல. “பயம்தான்.”

“நான் பக்கத்தில நிப்பன். ஸ்கேனுக்கு எழுதுங்கோ.”

டொக்டர் பேனையை எடுத்தார். லக்சாயினிக்கு மனம் நிறைந்துவிட்டது. ஆளைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டாரே! இந்த அக்காவும் என்ன லேசுப்பட்டவளா? வராத மனுசனுக்காக வரிசையில் காத்திருந்து, வாயாடி, ஸ்கேன் வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

“பெரியாஸ்பத்திரிக்கு நான் போன் எடுத்துச் சொல்லுறன்,” என்று முன்னால் வந்தாள் லக்சாயினி. “நோயாளியின்ர பேரைச் சொல்லுங்கோ, அக்கா.”

“பேர் வெளியில கதவுப் பலகையில இருக்கு, மிஸி,” என்ற பத்மாசனி, மேசையைச் சுற்றிப் போய் டொக்டரின் கையைப் பிடித்தாள். “இஞ்சேருங்கோ, எழும்புங்கோ. ஆட்டோ வாசல்ல நிக்குது.”