அத்தி மாப்பிள்ளை

அத்தி இலை என்று ரயிலடியில் பறித்ததைச் சட்டைப்பையில் வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு, தென்காசி ஆவுடைநாயகம் வீட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான் கைலாசம். பெண் பார்க்க வந்தவன், கொடுத்த கேசரியைத் தொடவில்லை.

பின்னே? ஆவுடைநாயகம் தாவரவியல் பேராசிரியர். காலேஜில் விலங்கியல்காரர்களோடு சண்டை போட்ட சூட்டில், "புழு பூச்சி அறுக்கிற பயலுக்கு என் மகளைத் தர மாட்டேன்" என்று அக்கா பேராச்சி முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவர். கைலாசமோ தூத்துக்குடியில் கடல் நத்தை அறுக்கிறவன்!

யோசனை சொன்னது மகள் சண்முகசுந்தரிதான். "அப்பா மேசையில ஒரு புஸ்தகம் நாலு நாளா விரிச்சபடியே கெடக்கு. உங்க நத்தைக்கும் ஒரு சாதி அத்தி மரத்துக்கும் லத்தீன்ல ஒரே பேராம்! அந்தப் பேர மட்டும் சொல்லுங்க. பொய் சொன்ன பாவமும் கெடையாது" என்று கடிதம் எழுதியிருந்தாள். இவனை விட்டால் வேறு யாருக்கும் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று இருப்பவள்.

பேராச்சி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவனையே முறைத்தாள். "ஏலே ஆவுடை, பையன் என்ன ஆராய்ச்சி பண்ணுதான்னு கேளு. சத்தியம் ஞாபகம் இருக்குல்லா?"

"கேக்குதேன்க்கா." பேராசிரியர் கனைத்துக்கொண்டார். "தம்பி, எதுல ஆராய்ச்சி? பேரு மட்டும் போதும்."

"ஃபைகஸ் வேரிகேட்டா, சார்."

"அடி சக்கை! அத்தில்லா!" பேராசிரியர் துள்ளி எழுந்ததில் துண்டு நழுவியது. "கேட்டியாக்கா? மரம்!"

"எங்கன நிக்கி அந்த மரம்?" பேராச்சி விடுவதாயில்லை.

கைலாசம் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று வாயெடுத்தான். "அது வந்து... தூத்துக்குடிக் கடலுக்குள்ள..."

"கடலுக்குள்ள தீவு இருக்குல்லாக்கா, அங்கன!" என்று வெட்டினார் பேராசிரியர். "ஏட்டி சுந்தரி, தட்டை எடுத்துட்டு வா. வெத்திலை பாக்கு மாத்திருவோம்!"

மாற்றியே விட்டார்கள். பேராச்சியே அவன் வாயில் கல்கண்டு போட்டாள். உள்ளறையில் யாரோ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிற சத்தம். கைலாசத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெளியே ஆனிச் சாரல். பேராசிரியர் ஒரே குடைக்குள் அவனை அணைத்தபடி குதிரைவண்டி வரைக்கும் வந்தார். அக்கா காதுக்கு எட்டாது என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அவன் பையிலிருந்த இலையை உருவினார்.

"இது பூவரச இலை."

கைலாசம் குடைக்கு வெளியே ஒரு காலை வைத்தான்.

பேராசிரியர் இலையைச் சாக்கடையில் போட்டுவிட்டு அவன் காதோரம் குனிந்தார்.

"நத்தையெல்லாம் சுகமா, மாப்ளே?"