பத்து கிலோமீட்டர் வேகம்

"பன்னிரண்டு வருஷம் விடாம எழுதினீங்களே சார்! இந்தப் புதுப் பாலம் உங்க புண்ணியம்தான்" என்றார் தலைமைப் பொறியாளர்.

ரயில் பெட்டியில் பாலப் பரிசோதகர் ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தார். ஆற்றின் மேலிருந்த பழைய ரயில் பாலத்தை வருஷா வருஷம் சோதித்து, 'பலவீனம். பத்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ரயில் போகக் கூடாது' என்று அறிக்கை கொடுத்தவர் அவர்தான்.

"ஆனா ஒரு வேடிக்கை சார். பழைய இரும்பை வெட்டி எடுக்கறதுக்குள்ள எங்களுக்கு முழி பிதுங்கிடுச்சு. அவ்வளவு கெட்டி! இன்னும் அம்பது வருஷம் தாங்கியிருக்கும்."

பரிசோதகர் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு கீழே பார்த்தார். பக்கத்தில் இடிக்காமல் விட்டிருந்த பழைய தூண்கள் விர்ரென்று பின்னால் ஓடின. முதல் ரயில் இருபதே நொடியில் ஆற்றைத் தாண்டியது. பெட்டியில் எல்லோரும் கை தட்டினார்கள்.

சாயங்காலம் வழக்கம்போல மனைவி வாசலிலேயே காத்திருந்தாள்.

"பாப்பாவைப் பாத்தீங்களா?"

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர்களுடைய ஒன்பது வயது மகளை அந்த ஆறு கொண்டுபோய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. உடல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ரயில் பாலத்தில் ஊர்ந்து போகும்போதெல்லாம், மூன்றாவது தூணின் அடியில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருப்பாள். மெல்ல நிமிர்ந்து அப்பாவைப் பார்ப்பாள். அதற்காகத்தான் நல்ல பாலத்தைப் பலவீனம் என்று எழுதி வந்தார்.

"உக்காந்துதான் இருந்தா. ஆனா அவ நிமிர்றதுக்குள்ள ரயில் தாண்டிடுச்சும்மா."