ஒன்பதாவது கோரிக்கை

“அந்த வரி போகாது சார். எத்தனை சனிக்கிழமை வந்தாலும் போகாது.”

நூலகத்தின் கணினி அறையில் கத்தரி இதைச் சொன்னபோது, கோல்கீப்பர் புதுச் சட்டையும் மழித்த முகமுமாக, மடியில் தடித்த கோப்போடு எதிரே உட்கார்ந்திருந்தான். கோப்பு நிறைய பழைய பத்திரிகை நறுக்குகள்.

கத்தரி என்பது பட்டப்பெயர். அந்த நூலகத்தில் வேலை பார்ப்பவள். சனிக்கிழமை மதியம் இன்னும் நாலு பேரோடு உட்கார்ந்து, இணையக் கலைக்களஞ்சியத்தில் வாழ்க்கை வரலாறுகளைச் சரிபார்ப்பாள். சம்பளம் கிடையாது. தற்பெருமை கண்ணில் பட்டால் ஒரே வெட்டு, அதனால் அந்தப் பெயர்.

அவள் வெட்ட மறுத்த வரி இது: பதினோரு வருடங்களுக்கு முந்தைய கால்பந்து இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பந்தை அபாரமாகப் பிடித்த கோல்கீப்பர், சந்தோஷம் தாங்காமல் அதைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டபடியே இரண்டடி பின்னால் போய் கோல் கோட்டைத் தாண்டிவிட்டான். கோப்பை எதிரணிக்குப் போயிற்று. ஆறு பத்திரிகைகள் எழுதின. ஆறையும் அடிக்குறிப்பாகப் போட்டு வைத்திருந்தாள் கத்தரி.

முதலில் அவன் திருட்டுத்தனமாகத்தான் ஆரம்பித்தான். வேறு பெயரில் நுழைந்து வரியை அழித்தான். பத்து நிமிடத்தில் அது திரும்பி வந்தது. இன்னொரு பெயரில் வந்து ‘உலகமே வியந்த தடுப்புச் சுவர்’ என்று எழுதினான். அது இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

மூன்றாவது முறை ‘நடுநிலையாளன்’ என்று பெயர் வைத்துக்கொண்டான். மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று, எல்லோரும் பார்க்கும் உரையாடல் பக்கத்தில் எழுதி, அவன் மானத்தை வாங்கிவிட்டாள் அவள்.

சண்டை போடத்தான் முதல் சனிக்கிழமை நேரில் வந்தான். அவள் கத்தவில்லை. அவரவர் பக்கத்தை அவரவர் தொடக்கூடாது, வேண்டியதை ஆதாரத்தோடு கோரிக்கையாகக் கொடுத்தால் சம்பந்தமில்லாத ஒருவர் பார்த்து முடிவு செய்வார் என்று பொறுமையாக விளக்கினாள்.

ஊருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம் வைத்துக்கொள்கிறவளும் இல்லை. அன்றைக்கே, பாடகரான அவளுடைய தாய்மாமாவின் பக்கத்தில் பிறந்த வருடம் ஒன்று குறைவாக இருப்பது தெரிந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, அந்த நாலு பேரில் ஒருவரான மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டு, அவர் கையால் திருத்தச் சொன்னாள்.

ஒரே ஒரு எண்ணுக்கு இவ்வளவு நேர்மையா? கோல்கீப்பர் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டான். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அதற்கப்புறம் வந்த கோரிக்கைகள் எல்லாம் வெறும் சாக்கு. உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் கூட்ட வேண்டும் என்று ஒரு வாரம், கையுறையின் அளவைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு வாரம். அவள் சலிக்காமல் ஆதாரம் கேட்டாள், அவன் சலிக்காமல் அடுத்த வாரம் வந்தான்.

ஒருநாள் மட்டும், அந்த வரி மேல் அவளுக்கு என்ன அப்படி ஒரு பிடிவாதம் என்று கேட்டுப் பார்த்தான்.

“மத்ததெல்லாம் வெறும் எண்ணு சார். அந்த ஒரு வரியிலதான் மனுஷன் தெரியறார்.”

அன்று பேருந்தில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனான். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

இன்று ஒன்பதாவது சனிக்கிழமை. நறுக்குகளுக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. ஏழு முறை எழுதிக் கிழித்து, எட்டாவதை அக்காவிடம் காட்ட, இதைக் கொடுக்காமல் வீட்டுப் படி ஏறாதே என்று அக்கா துரத்திவிட்டிருந்தாள்.

மாட்டேன் என்று இவள் சொல்லிவிட்டால் இனி சனிக்கிழமைகளும் இல்லை. அந்தப் பயத்தில்தான் தாளைக் கோப்பின் அடியில் ஒளித்து வைத்திருந்தான்.

“அந்த வரி அப்படியே இருக்கட்டும் மேடம். இது வேற.”

அவள் தாளை வாங்கி வாசித்தாள். ‘சொந்த வாழ்க்கை’ என்ற தலைப்பின் கீழ் ‘திருமணமாகாதவர்’ என்று இருப்பதை மாற்ற வேண்டும் என்பது கோரிக்கை. ஆதாரம் என்ற இடத்தில், ‘இதை வாசிப்பவர் சம்மதித்தால் கிடைக்கும்’ என்று எழுதியிருந்தான். ஆதாயம் இருந்தால் சொல்லிவிட வேண்டும் என்ற விதி தவறக்கூடாது என்று அடியில், ‘இதில் எனக்கு முழு ஆதாயம் உண்டு’ என்று உறுதிமொழி வேறு.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறை வாசித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆறு அடிக்குறிப்பு போட்டபோதும் இதே முகமாகத்தான் இருந்திருக்கும்.

“இந்தக் கோரிக்கைய நான் ஏத்துக்க முடியாது சார்.”

கோல்கீப்பர் எழுந்தான். பரவாயில்லை என்றான், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றான், கோப்பை மேசையிலேயே விட்டுவிட்டுப் பின்பக்கமாகவே நடந்தான். இரண்டடி பின்னால் போய் எல்லாவற்றையும் கோட்டை விடுவதுதான் தன் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டான்.

கதவு முதுகில் இடித்தபோது, நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. கத்தரி எழுந்து நின்றிருந்தாள். அவன் பக்கம் பார்க்காமல் மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டு, கோல்கீப்பரின் பக்கத்தை இனிமேல் அவர்தான் கவனிக்க வேண்டும், ஆனால் அந்த ஆறு அடிக்குறிப்பில் மட்டும் யாரும் கை வைக்கக்கூடாது என்றாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “ஏம்மா, இத்தனை நாள் நீதானே அதைக் கட்டிக் காத்தே? இப்ப என்ன ஆச்சு?”

“சொந்தக்காரங்க பக்கத்தை நான் தொடறதில்லையே அண்ணே.”