பாறுக்கழுகுக்கு வைத்த கறி

என் பேத்தி இதழினி இன்றும் மாடிச் சுவரில் கறித்துண்டு வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாறுக்கழுகு வந்து தின்னுமாம். பள்ளியில் கொடுத்த புத்தகம் சொன்னதாம்.

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். படிக்கிற குழந்தையின் கண் கலங்கினால், சுற்றியிருப்பவர்கள் பேச்சையும் கேட்டு, கதையைத் தானே மாற்றிக்கொள்ளும் ரகம். மாயாற்றின் கடைசிப் பாறு விஷக்கறி தின்று செத்த பக்கத்தில் இவள் அழுதிருக்கிறாள். உடனே கதையில் பறவை பிழைத்துக் குஞ்சும் பொரித்துவிட்டது. நிஜத்தில் அதைத் தன் கையால் புதைத்த வனக்காவலர், என் அப்பா, கதையிலேயே இல்லை!

பள்ளிக்குப் போன் போட்டுப் பேசினேன்.

"பிள்ளைங்க சந்தோஷமா இருக்கணும் சார்," என்றார் ஆசிரியை.

"செத்ததைச் செத்ததுன்னு சொல்லாம, இருக்கறதை எப்படிம்மா காப்பாத்துவாங்க?"

இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

"விட்டுருங்க மாமா. உண்மையச் சொன்னா அழுவாளுங்க," என்றாள் மருமகள் கோமளா.

"அழட்டும் அம்மிணி. எங்கப்பாவும் அழுதவர்தான். பொய் பேசாத குடும்பம்னு ஊரே சொல்லுது. நானா மாத்துவேன்?"

மாடியேறினேன். இதழினி மடியில் புத்தகம் விரிந்திருந்தது.

"கண்ணு, அந்தப் பறவை வராது. ஒண்ணுகூட மிச்சமில்ல. கடைசியா இருந்ததை எங்கப்பாதான் புதைச்சார்."

அவள் கண் கலங்கியது. மடியிலிருந்த பக்கத்தில் புதிதாக ஒரு வரி தோன்றியது. இதழினி அதை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள்.

"தாத்தா விளையாட்டுக்குப் பொய் சொன்னார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு இன்னொரு துண்டு கறியை எடுத்து வைத்தாள்.