ஒன்பது நிமிடம்

இரண்டாம் நடைமேடையில் ஒரு தூணருகே குண்டு வெடித்து என் கணவர் குணசீலன் இறந்தார். அதன்பின் மாதாமாதம் அவருடைய திதியன்று அந்தத் தூணருகே கதம்பம் வைத்துவிட்டுச் சிறிது நேரம் நிற்பேன். ஐந்தாம் மாதம், முகம் பார்த்துத் தானாகத் திறக்கும் ரயில் நிலையக் கதவு எனக்குத் திறக்கவில்லை.

வாசலில் இருந்த காவலர் கேமராத் திரையைப் பார்த்தார். "மாசா மாசம் வர்றீங்கக்கா. அதே தூண்கிட்ட ஒம்பது நிமிஷம் நிக்கிறீங்க, எந்த ரயிலும் ஏறல. சிஸ்டம் உங்களைச் சந்தேகப் பட்டியல்ல சேத்துருச்சு."

"என் வீட்டுக்காரர் செத்த இடம் தம்பி அது."

"எனக்குப் புரியுது, அதுக்குப் புரியலையே. வேற வேற நாள்ல வாங்களேன்."

"திதிய மாத்தச் சொல்றீங்களா? குண்டு வெச்சவன் வந்தப்ப உங்க சிஸ்டம் தூங்கிட்டு இருந்துச்சா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "இல்லக்கா, நல்லாப் பாத்துச்சு. அவன் கையில டிக்கெட் இருந்துச்சு. வந்ததும் ஒரே ஒரு தடவதான்."